காட்சிவழி, கருவிவழிப் பறப்பு விதிகள்: சிமுலேட்டர் விமானிக்குப் பரங்கிப்பேட்டைக் கரை

விமானி எதைப் பார்த்து விமானத்தை ஓட்டுகிறார்? பிற விமானங்களோடு மோதாமல் காக்கும் பொறுப்பு யாருடையது? இந்த இரு கேள்விகளுக்கு உலகெங்கும் இரண்டு விடைத்தொகுப்புகள் வழங்குகின்றன. ஒன்று காட்சிவழிப் பறப்பு விதிகள், சுருக்கமாக வி.எஃப்.ஆர். மற்றது கருவிவழிப் பறப்பு விதிகள், அதாவது ஐ.எஃப்.ஆர். 1944 டிசம்பர் 7 அன்று கையெழுத்தான சிகாகோ உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பு இவற்றை வகுத்துள்ளது. இந்தியாவில் சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. இவற்றை நடைமுறைப்படுத்துகிறது. வீட்டுக் கணினியில் பறப்பவரை இவ்விதிகள் சட்டப்படி கட்டுப்படுத்தா. ஆயினும் இவற்றைக் கைக்கொள்ளாத சிமுலேட்டர் பறப்பு, படம் பார்ப்பதைத் தாண்டி அதிகம் எதையும் கற்றுத்தருவதில்லை.

கடலூர் மாவட்டத்தில் வெள்ளாறு வங்கக்கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது பரங்கிப்பேட்டை. புதுச்சேரியிலிருந்து கொள்ளிட முகத்துவாரம் வரையிலான கரையின் தென்பகுதி இது. ஆற்று வாய்கள், ரயில் பாதை, ஏரி, சதுப்புக்காடு, அனல்மின் நிலையப் புகைபோக்கி, கோயில் கோபுரம் என்று வானிலிருந்து அடையாளம் காண வேண்டிய எல்லாம் ஒரு மணி நேரப் பறப்புக்குள் அடங்குவதால், காட்சிவழிப் பறப்பைப் பயிலத் தமிழ்நாட்டில் இதைவிடப் பொருத்தமான கரையைச் சொல்வது கடினம். அதே கரை வடகிழக்குப் பருவமழையின் நேர்ப்பாதையிலும் கிடக்கிறது. கருவிவழி விதிகள் ஏன் பிறந்தன என்பதை அந்தப் பருவத்தின் மூன்று மாதங்கள் விளக்கிவிடும்.

விதியும் வானிலையும்

சிமுலேட்டருக்குப் புதியவர்கள் வழக்கமாகக் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. வி.எஃப்.ஆர்., ஐ.எஃப்.ஆர். என்பவை விதிகள், வி.எம்.சி. (காட்சிவழிப் பறப்புக்கு ஏற்ற வானிலை), ஐ.எம்.சி. (கருவிவழியில் மட்டும் பறக்கத்தக்க வானிலை) என்பவை வானிலை நிலைகள். வானம் தெளிந்திருந்தாலும் சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பயணிகள் விமானம் ஐ.எஃப்.ஆர். விதியில்தான் பறக்கும். மேகத்துக்குள் நுழைந்த பிறகு வி.எஃப்.ஆர். விதியில் பறக்கிறேன் என்று எந்த விமானியும் சொல்ல முடியாது. காட்சிவழிப் பறப்பில் 'பார், விலகு' என்பதே அடிப்படை. எதிரே வரும் விமானத்தைக் கண்ணால் கண்டு விலகுவது விமானியின் கடமை. கருவிவழிப் பறப்பில் திசை, உயரம், வேகம் எல்லாம் தரைக் கட்டுப்பாட்டாளரின் அனுமதிக்கு உட்பட்டவை. கட்டுப்பாட்டு வான்பகுதியில் இரு ஐ.எஃப்.ஆர். விமானங்களுக்கிடையே இடைவெளி காப்பதும் அவரே.

எண்கள் இப்படி. 10,000 அடிக்குக் கீழே காட்சிவழிப் பறப்புக்கு 5 கிலோமீட்டர் தொலைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். 10,000 அடியிலும் அதற்கு மேலும் 8 கிலோமீட்டர். மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலோ கீழோ 300 மீட்டரும் விலகியிருக்க வேண்டும். கட்டுப்பாடற்ற வான்பகுதியில் 3,000 அடிக்குக் கீழே பறப்பவருக்குச் சிறிய சலுகை உண்டு: மேகத்தைத் தொடாமல், தரை கண்ணில் பட்டபடி சென்றால் போதும். விமான நிலையக் கட்டுப்பாட்டு மண்டலத்தில் மேகத்தின் அடித்தளம் 1,500 அடிக்குக் கீழே இறங்கினாலோ, தரைப்பார்வை 5 கிலோமீட்டருக்குக் குறைந்தாலோ, சிறப்பு வி.எஃப்.ஆர். அனுமதியின்றிக் காட்சிவழியில் ஏறவோ இறங்கவோ கூடாது. அந்தச் சிறப்பு அனுமதிக்கும் 1,500 மீட்டர் தரைப்பார்வை வேண்டும்.

இந்திய விதி இன்னும் சில எல்லைகளைச் சேர்க்கிறது. பறப்பு மட்டம் 150க்கு மேல், அதாவது ஏறக்குறைய 15,000 அடிக்கு மேல், காட்சிவழிப் பறப்பு இல்லை. கட்டுப்பாட்டு வான்பகுதியில் கரையிலிருந்து கடல்நோக்கி 100 கடல் மைலுக்கு அப்பாலும் இல்லை. சூரியன் மறைந்து 20 நிமிடம் ஆனதிலிருந்து மறுநாள் உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு வரையிலும் இல்லை. பறப்புக் கழகங்களின் பயிற்சிப் பறப்பு போன்ற சிலவற்றுக்கு மட்டும் கட்டுப்பாட்டாளர் விலக்கு தரலாம். இரவில் சிதம்பரத்தின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு செஸ்னா எனும் சிறு விமானத்தில் சுற்றி வருவது சிமுலேட்டரில் அழகான அனுபவம்தான். நிஜத்தில் சாதாரண விமானி ஒருவருக்கு அது திறந்திருக்கும் வழியன்று.

சிமுலேட்டர் பிறந்த கதை

சிமுலேட்டர் என்ற கருவிக்கு மதிப்பு வந்ததே கருவிவழிப் பறப்பால்தான். 1929 செப்டம்பர் 24 அன்று அமெரிக்க ராணுவ விமானி ஜிம்மி டூலிட்டில், வெளியே எதுவும் தெரியாதபடி மூடிய இருக்கையிலிருந்து நியூயார்க்கின் மிட்செல் களத்தில் ஏறி, ஒரு சுற்று பறந்து, கருவிகளை மட்டும் நம்பி இறங்கினார். ஸ்பெர்ரியின் செயற்கை அடிவானமும் கோல்ஸ்மனின் நுட்பமான உயரமானியும் அவருக்குத் துணை நின்றன. அதே ஆண்டில் எட்வின் லிங்க் தன் தந்தையின் ஆர்கன் தொழிற்கூடத்துத் துருத்திகளைக் கொண்டு, தரையில் நின்றபடியே திரும்பவும் சாயவும் வல்ல பயிற்சிப்பெட்டி ஒன்றைச் செய்தார். முதலில் அதை வாங்க ஆளில்லை. 1934இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானச் சேவையை ஏற்று, குளிர்காலப் பனியிலும் மேகத்திலும் விமானிகளை அடுத்தடுத்துப் பறிகொடுத்த பிறகே லிங்க்கின் பெட்டிகள் விலைபோயின. இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டு விமானிகள் பெருந்தொகையாக அதில்தான் கருவிப் பறப்பைக் கற்றார்கள்.

இந்தியாவில் டாட்டா நிறுவனத்தின் முதல் தபால் விமானங்கள் அந்த உதவி எதுவுமின்றிப் பறந்தவை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹூவுக்கு ஓட்டி வந்த புஸ் மாத் விமானத்தில் வானொலி இல்லை. அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். கடற்கரை, ரயில் பாதை, ஆறு, கடிகாரம், வரைபடம் இவையே அவர்களின் வழிகாட்டிகள். பரங்கிப்பேட்டைக் கரையில் இன்று ஒரு சிமுலேட்டர் விமானி பயில வேண்டிய கலையும் அதுவே.

வீட்டுச் சிமுலேட்டரில் இக்கலை தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது. புரூஸ் ஆர்ட்விக்கின் சப்லாஜிக் நிறுவனம் ஆப்பிள் கணினிக்குத் தந்த முதல் சிமுலேட்டரிலும், 1982இல் வெளிவந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரிலும் வெளியுலகம் சில கோடுகள்தாம். பிந்தைய பதிப்புகளில்கூடத் தமிழ்நாட்டுக் கடலோரம் கரைக்கோடும் பொதுவான பச்சை நிறமுமாகவே இருந்தது. வெள்ளாற்றையும் கெடிலத்தையும் அதில் பிரித்தறிய வழியில்லை. ஆனால் கருவிகளும் வானொலி வழிகாட்டி நிலையங்களும் ஓரளவு சரியாக இருந்ததால், நம்மூர் ஆர்வலர்கள் சென்னை ஓடுபாதை 07இல் ஐ.எல்.எஸ். எனும் கருவிவழி இறங்கு அமைப்பின் வானலையைப் பிடித்து இறங்கக் கற்றார்கள். கடலூரை வானிலிருந்து அடையாளம் காணக் கற்கவில்லை. திறந்த மூல நிரலான ஃப்ளைட்கியரும், ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவை ஏற்ற எக்ஸ்-பிளேனும் ஆறு, ரயில், சாலைகளைக் கொண்டுவந்தன. 2020 ஆகஸ்டில் அசோபோ ஸ்டுடியோ உருவாக்கிய புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டர், பிங் வரைபடத்தின் வான்படங்களை உலகம் முழுவதும் விரித்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டின் கால்வாய்கள் கணினித் திரையில் தெரியத் தொடங்கியது அப்போதுதான்.

புதுச்சேரியிலிருந்து கொள்ளிடம் வரை

பயிற்சிக்கு ஏற்ற புறப்பாட்டிடம் புதுச்சேரி விமான நிலையம். நான்கெழுத்துக் குறியீடு வி.ஓ.பி.சி.; ஓடுபாதை 07/25, நீளம் ஏறக்குறைய 1,500 மீட்டர். செஸ்னா 172க்கு இது தாராளம். 07இல் ஏறினால் சில நிமிடத்திலேயே கடல். வலப்பக்கம் திரும்பித் தெற்கே கரையைப் பிடிக்க வேண்டும்.

கரை, ஆறு, ரயில் பாதை போன்ற நீள்கோட்டை ஒட்டிப் பறப்பவர் அக்கோட்டைத் தன் இடப்பக்கம் வைத்துக்கொள்வது வழக்கம். இட இருக்கையில் அமரும் விமானிக்கு அது நன்றாகத் தெரியும்; எதிரே வருபவரும் அப்படியே செய்தால் இருவரும் கரையின் இரு பக்கமாக விலகிப் போவார்கள். அதன்படி தெற்கே போகும்போது நிலத்தின் மேலும், திரும்பி வடக்கே வரும்போது கடலின் மேலும் பறக்க நேரும். ஒற்றை எஞ்சின் விமானி இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். செஸ்னா 172 எஞ்சின் நின்றால் உயரத்தைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு தொலைவு சறுக்கும். 3,500 அடியில் இருந்தால் 9 கிலோமீட்டர் அளவு. கடல்மேல் வரும் பாதையைக் கரைக்கு அதைவிட நெருக்கமாக வைத்துக்கொள்வது கட்டாயம்.

உயரத்துக்கும் விதி உண்டு. தரையிலிருந்து 3,000 அடிக்கு மேல் சீராகப் பறக்கும்போது, காந்தத் திசை 000 முதல் 179 வரை என்றால் காட்சிவழி விமானம் ஒற்றைப்படை ஆயிரத்தோடு 500 சேர்த்த உயரத்தைப் பிடிக்கும்: 3,500, 5,500. திசை 180 முதல் 359 வரை என்றால் இரட்டைப்படை: 4,500, 6,500. புதுச்சேரியிலிருந்து பரங்கிப்பேட்டைக்கான திசை நேர்தெற்கிலிருந்து சற்று மேற்கே சாய்ந்திருப்பதால் போகும்போது 4,500, திரும்பும்போது 3,500. இதில் இக்கரைக்கே உரிய நுட்பம் ஒன்று இருக்கிறது. வெள்ளாற்று வாயைக் கடந்ததும் கரை தென்கிழக்கே வளைந்து கொள்ளிடத்தை நோக்கிப் போகிறது. கரையோடு சேர்ந்து வளைபவரின் திசை 180க்குக் கீழே வந்துவிடும். இப்போது அவர் இருக்க வேண்டிய உயரம் 3,500 அல்லது 5,500. ஒரே கரையில், ஒரே பயணத்தில் உயரம் மாற வேண்டிய இடம் அது. விதியை மனப்பாடம் செய்தவரையும் புரிந்துகொண்டவரையும் அந்த வளைவில் பிரித்தறியலாம்.

110 நாட் வேகத்தில் கடலூர் ஏறக்குறைய ஏழு நிமிடம். நகருக்கு வடக்கே தென்பெண்ணையின் அகன்ற மணல்வாய், அடுத்துத் தேவனாம்பட்டினத்தில் கெடிலம், பிறகு கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் உப்பனாறு. மூன்றும் அடுத்தடுத்து வருவதால் ஒன்றை மற்றதாகக் கொள்வது எளிது. எனவே கடிகாரத்தில் தொடங்கி, வரைபடத்தைப் பார்த்து, கடைசியாகத் தரையைப் பார்ப்பது என்ற வரிசையை விட்டுவிடக் கூடாது. தரையை முதலில் பார்ப்பவர் கண்ட ஆற்றையெல்லாம் தான் தேடும் ஆறாக்கிவிடுவார். முதுநகருக்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை, அதன் கீழே 2011 டிசம்பர் 30 தானே புயலில் சேதமுற்று முடிவடையாமல் நின்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகம், அதையும் கடந்தால் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே 1,200 மெகாவாட் அனல்மின் நிலையம். அதன் புகைபோக்கி தொலைவிலிருந்தே தெரியும் நல்ல அடையாளம். தாழப் பறப்பவருக்கு அதுவே தடை.

கடலூரிலிருந்து எட்டு, ஒன்பது நிமிடத்தில் வெள்ளாறு. ஆற்று வாயின் வடகரையில் மீனவர் குடியிருப்பான அன்னங்கோயில். உள்ளே தள்ளி ஊரும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமும். தென்கரைக்கு அப்பால் கிள்ளை, பிச்சாவரம். இங்கே சிமுலேட்டர் விமானிக்கு ஓர் எச்சரிக்கை. திரையில் தெரியும் ஆற்று வாய் ஏதோ ஒருநாள் எடுத்த வான்படம். நிஜத்தில் மணல்திட்டு பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். 2004 ஆழிப்பேரலை இக்கரையின் திட்டுகளை உருமாற்றிவிட்டுப் போனது. ஆகவே முகத்துவாரத்தின் வடிவத்தை நம்புவதைவிட அதற்கு மேற்கே வெள்ளாற்றைக் கடக்கும் ரயில் பாலத்தை நம்புவது நல்லது. கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்று செல்லும் அந்த ரயில் பாதை கரைக்கு இணையாகச் சில கிலோமீட்டர் உள்ளே ஓடுகிறது. மூட்டத்தில் கரையைத் தவறவிட்டவருக்கு அது இரண்டாவது கரை.

பரங்கிப்பேட்டையிலிருந்து தென்மேற்கே சிதம்பரம் நான்கே நிமிடம். நடராசர் கோயிலின் நான்கு கோபுரங்களும் ஏறக்குறைய 40 மீட்டர் உயரம், அதாவது 130 அடிக்கு மேல். நகரின் மேல் பறப்பவர் 600 மீட்டர் ஆரத்துக்குள் உள்ள மிக உயர்ந்த பொருளுக்கு மேல் 1,000 அடி விட வேண்டும் என்பது விதி. தரைமட்டம் கடலை ஒட்டியே இருப்பதால் 1,200 அடிக்குக் கீழே சிதம்பரத்தைக் கடக்கலாகாது. ஊரில்லா வெளியில் 500 அடி போதும். சிமுலேட்டர் தானாகவே கட்டடங்களை எழுப்பும் இடங்களில் கோபுரம் கோபுரமாகத் தெரியும் என்ற உறுதி இல்லை. நான்கு மாடவீதிகளின் சதுரமும் சிவகங்கைக் குளமும் வான்படத்தில் தெளிவாக இருக்கும், அவற்றைப் பிடித்துக்கொள்ளலாம். மேற்கே நீண்டு கிடக்கும் வீராணம் ஏரி இப்பகுதியின் மிகப் பெரிய காட்சி அடையாளம். வடமேற்கே 30 கிலோமீட்டரில் நெய்வேலி: பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களின் வெறுமையான படிக்கட்டு நிலம், புகைபோக்கிகள், என்.எல்.சி.யின் சிறிய ஓடுபாதை. அதற்கும் மேற்கே உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் கைவிடப்பட்டுக் கிடக்கிறது. அதை மேலிருந்து கண்டுபிடிப்பது நல்ல தேர்வு.

பார்வை போனால்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இக்கரை வேறு முகம் காட்டும். கடலிலிருந்து வரும் தாழ்மேகங்கள், அவற்றின் கீழே மழைத்திரை, சில நிமிடத்தில் 5 கிலோமீட்டரிலிருந்து ஒன்றுக்குச் சுருங்கும் பார்வை. ஜனவரியில் அதிகாலை மூடுபனி. போகிப் புகையும் சேர்ந்த காலைகளில் சென்னை விமான நிலையமே தடுமாறியிருக்கிறது. கோடை முடிந்த மாதங்களில் உள்நிலத்தில் எழும் இடிமேகம் மாலையில் கரையை நோக்கி நகரும். நேரடி வானிலையை இறக்கிக்கொள்ளும் வசதி இன்றைய சிமுலேட்டர்களில் இருப்பதால், நவம்பர் மாதம் இந்தப் பாதையில் பறக்க முயல்பவர் நிஜமான முடிவு ஒன்றை எடுத்தாக வேண்டும்: திரும்புவதா, தொடர்வதா?

தொடர்ந்தவர்களுக்கு நேர்ந்ததை விமானத் துறை நன்கு அறியும். 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரைப் பார்வையற்ற சூழலில் ஓட்டச் செய்தனர். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர்; அதற்கான சராசரி நேரம் 178 விநாடி. காரணம் உள்காதில் இருக்கிறது. விமானம் மெதுவாக, சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால், சற்று நேரத்தில் காதின் அரைவட்டக் குழாய்களில் உள்ள நீர் ஓய்ந்துவிடும். நேராகப் பறப்பதாக மூளை நம்பும். விமானத்தை உண்மையிலேயே நிமிர்த்தும்போது எதிர்ப்பக்கம் சாய்வதாகத் தோன்றும். உடலை நம்பி மறுபடி சாய்ப்பவர் சுழன்று இறங்குவார். 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உள்ளிட்ட 14 பேரின் உயிரைப் பறித்த ஹெலிகாப்டர் விபத்திலும், பள்ளத்தாக்கின் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைய நேர்ந்ததும் அதனால் விமானிக்குத் திசையுணர்வு தப்பியதுமே காரணம் என்று விசாரணை மன்றம் கண்டது. அனுபவமிக்க விமானிகளுக்கும் இது நேரும்.

இந்த இடத்தில்தான் சிமுலேட்டர் ஏமாற்றுகிறது. வீட்டு நாற்காலி சாய்வதில்லை; உள்காது பொய் சொல்வதில்லை. மேகத்துக்குள் நுழைந்த சிமுலேட்டர் விமானிக்குச் செயற்கை அடிவானத்தைப் பார்த்து நேராகப் பறப்பது எளிதாகவே இருக்கும். தனக்குக் கருவிப் பறப்பு கைவந்துவிட்டது என்று எண்ணிவிடுவார். அவர் கற்றிருப்பது கருவிகளைப் படிக்க மட்டுமே. உடல் சொல்வதை மறுத்துக் கருவியை நம்பும் பாதியைத் திரையால் கற்பிக்க இயலாது. காட்சிவழியில் புறப்பட்ட சிமுலேட்டர் பறப்பு மேகத்தில் நுழைந்துவிட்டால் அதை அங்கேயே தோல்வியாகக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம்.

இரவுக் கடலும் அப்படிப்பட்டதே. நிலவில்லாத இரவில் கரையை விட்டு விலகினால் கண்ணுக்கு அடிவானம் இல்லை. வானிலை தெளிவாக இருந்தாலும் அது கருவிகளால் பறக்க வேண்டிய பறப்பு. கடலோரக் காவல் ரோந்தைச் சிமுலேட்டரில் பாவித்துப் பறக்க விரும்புவோர் பலர். அந்தப் பணி எவ்வளவு கடினமானது என்பதை இக்கரை அறியும். 2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து சென்ற இந்தியக் கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவரோடு இந்தக் கடற்பரப்பில் காணாமல் போனது. அடுத்த மாதம் பிச்சாவரத்துக்குக் கிழக்கே ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஆழத்தில் அதன் பாகங்கள் கிடைத்தன.

கருவிவழியில் சென்னை, திருச்சி

பரங்கிப்பேட்டையைச் சுற்றிய வான்வெளி சென்னை வான்தகவல் மண்டலத்தைச் சேர்ந்தது. கருவிவழிப் பயிற்சிக்குச் சென்னை–திருச்சிப் பாதை எடுத்துக்காட்டானது. தொலைவு சுமார் 160 கடல் மைல், திசை தென்மேற்கு. ஐ.எஃப்.ஆர். விமானம் இத்திசையில் இரட்டைப்படை ஆயிரங்களைப் பிடிக்கும், ஏ.டி.ஆர். வகைப் பயணிகள் விமானம் என்றால் 160 அல்லது 180 மட்டம். புறப்பாட்டுத் தடம், இடைவழி, வருகைத் தடம், இறங்குமுறை என்று எல்லாம் முன்கூட்டியே வரையப்பட்டவை. பாதையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் உள்ள உயர்ந்த தடைக்கு மேல் 1,000 அடியாவது இருக்க வேண்டும். மலைப்பகுதியில் 2,000 அடி. இறங்கத் தொடங்கும் இடத்தைக் கணக்கிட ஆயிரம் அடிக்கு மூன்று கடல் மைல் என்ற வாய்ப்பாடு போதும். 160 மட்டத்திலிருந்து 2,000 அடிக்கு வர 42 கடல் மைல் முன்பே மூக்கைத் தாழ்த்த வேண்டும். திருச்சி ஓடுபாதை 27இல் ஐ.எல்.எஸ். இருக்கிறது. முதல் வகை ஐ.எல்.எஸ்.இல் பொதுவாக ஓடுபாதைக்கு மேல் 200 அடி முடிவெடுக்கும் உயரம். அங்கே ஓடுபாதையோ அதன் விளக்குகளோ தெரியாவிட்டால் மேலேறிவிட வேண்டும். கருவிவழிப் பறப்பும் முடிவில் கண்ணிடமே வந்து சேர்கிறது.

ஐ.எல்.எஸ். இல்லாத சிறு நிலையங்களுக்கு இந்தியாவின் ககன் செயற்கைக்கோள் அமைப்பு வழி திறந்திருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று ராஜஸ்தானின் கிஷன்கரில் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானம் அதைக் கொண்டு இறங்கியது. தரையில் ஐ.எல்.எஸ். கம்பங்கள் நடாமலே சிறு ஓடுபாதைகளுக்கும் சரிவு வழிகாட்டல் கிடைக்கும் என்பதை அது காட்டியது.

திரையில் இல்லாதவை

இந்திய வானில் நிஜமாகப் பறப்பவர் திட்டத்தைப் பதிவுசெய்வதோடு, விமானப்படையின் வான்பாதுகாப்பு அனுமதி எண்ணையும் பெற வேண்டும். சென்னையிலிருந்து கரையோரமாகத் தெற்கே வருபவர் கல்பாக்கம் அணு நிலையத்தைச் சுற்றிய தடைப்பகுதியை விலகிச் செல்ல வேண்டும். சிமுலேட்டர் இவற்றைக் கேட்பதில்லை. அதன் தானியங்கிக் கட்டுப்பாட்டாளரும் விதிமீறலைப் பெரிதுபடுத்துவதில்லை. வாட்சிம், ஐவாவோ போன்ற இணைய வலையமைப்புகளில் தன்னார்வலர்கள் கட்டுப்பாட்டாளராக அமர்ந்து நிஜச் சொல்முறையில் பேசுகிறார்கள். அங்கே உயரம் தவறினால் கேள்வி வரும். பிறர் பறக்கும் வானில் விதி எதற்காக இருக்கிறது என்பது அப்போது விளங்கும்.

வீட்டில் பறந்த மணிநேரங்கள் உரிமத்துக்குக் கணக்காகா. டி.ஜி.சி.ஏ.யின் கருவித் தகுதிக்குக் கேட்கப்படும் 40 மணிநேரக் கருவிப் பறப்பில் 20 மணிநேரம் வரை சிமுலேட்டரில் பெறலாம். அது அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக் கருவியாக இருக்க வேண்டும். காட்சிவழிப் பறப்புக்கான வரைபட வாசிப்பு, நேரக் கணக்கு, அரைவட்ட உயர விதி, திரும்பிவிடும் முடிவு ஆகியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. புதுச்சேரியில் ஏறி வெள்ளாற்றைக் கண்டு, சிதம்பரத்தைச் சுற்றி, 3,500 அடியில் கடலோரமாகத் திரும்பி வருவதை ஜி.பி.எஸ். அணைத்துப் பலமுறை செய்தவர், பறப்புப் பள்ளியின் முதல் நெடும்பறப்பில் வரைபடத்தோடு தடுமாற மாட்டார்.